படைக்கலக் கம்மியர் ஜான் பிரௌனிங்

தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவன் படைக்கொட்டிலைக் கண்டு பாடிய பாட்டினைப் புறநானூறு பயின்றோர் மறந்திரார். பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்றுக் காவலுடைய மாளிகையில் விளங்கும் தொண்டைமானின் படைக்கலங்கள் ஒருபுறம். பகைவரைக் குத்திப் பக்கமும் நுனியும் சிதைந்து கொல்லனின் சிறிய பட்டறையில் கிடக்கும் அதியமானின் வேல்கள் மறுபுறம். பாட்டு மன்னர் இருவரையும் நம் கண்முன் நிறுத்துகின்றது. ஆயின் அவ்வேல்களை வடித்த கொல்லன் யார்? அவன் பெயர் பாட்டில் இல்லை. வேல் வடிப்பதோடு அவன் கடமை முடிந்துவிடுகின்றதா? வடித்த வேல் எவர் மார்பில் பாய்கின்றது என்பதில் அவனுக்குப் பங்கு உண்டா, இல்லையா? இவ்வினா சங்ககாலத்தோடு ஒழிந்ததன்று. உலைக்களம் ஆலையாக மாறிய காலத்தில் அது முன்னினும் பெரிதாயிற்று. பெயர் மறைந்த கொல்லனைப் போலன்றித் தம் பெயரே ஒரு படைக்கலத்தின் பெயராகிவிட்ட ஒருவரின் வாழ்வில் அவ்வினாவை வைத்துக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். அவர் ஜான் மோசஸ் பிரௌனிங். அமெரிக்காவில் பிறந்து, பெல்ஜியம் நாட்டின் துப்பாக்கி நகரில் உயிர் நீத்தவர்.

உலைக்களத்துப் பிள்ளை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் யூட்டா பகுதியில், ஓக்டன் என்னும் சிற்றூரில், 1855ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 23ஆம் நாள் பிரௌனிங் பிறந்தார். தந்தையார் ஜோனதன் பிரௌனிங் 1805இல் டென்னசியில் பிறந்தவர். துப்பாக்கி செய்வதும் செப்பனிடுவதும் அவர் தொழில். மார்மன் சமயத்தைத் தழுவிய அவர், அச்சமயத்தாரோடு இல்லினாய் மாநிலத்தின் நாவூ நகரை விட்டு வெளியேறி, மேற்கு நோக்கி நெடுவழி நடந்து, 1852இல் யூட்டாவை அடைந்தார். மனைவியர் மூவர் வழியாக அவருக்கு மக்கள் 22 பேர். மருந்தறைகள் பல கொண்ட இரும்புச் சட்டம் ஒன்றைப் பக்கவாட்டில் நகர்த்தி, அடுத்தடுத்துச் சுடும்வண்ணம் அவர் வடித்த துப்பாக்கி அக்காலத்தில் புதுமையானது. ஒருமுறை சுட்டபின் மீண்டும் மருந்து கெட்டிக்க வேண்டிய இடர்ப்பாட்டை நீக்க வேண்டும் என்ற எண்ணம் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த குடும்பச் சொத்து எனலாம்.

மகனுக்குப் பள்ளிக் கல்வி நெடிது நீடிக்கவில்லை. பட்டறையே அவருக்குப் பள்ளி; துருத்தியும் அரமும் சாணைக்கல்லுமே பாடநூல்கள். கழிவாகக் கிடந்த இரும்புத் துண்டுகளைக் கொண்டு இளமையிலேயே தம்பி மாத்தியூவுக்கு ஒரு துப்பாக்கி செய்து கொடுத்தார். 1869இல் அமெரிக்காவின் கீழ்க்கரையையும் மேற்கரையையும் இணைக்கும் இருப்புப்பாதை யூட்டாவில் முற்றுப்பெற்றது. ஓக்டன் ஒரு தொடர்வண்டிச் சந்திப்பாயிற்று. பழுதுபார்க்க வந்த துப்பாக்கிகளும் பலவகைப்பட்டன. பிறர் செய்தவற்றின் குறைகளைத் திருத்தித் திருத்தியே இளைஞர் தம் அறிவைக் கூர்மையாக்கிக் கொண்டார்.

ஒரு முறைக்கு ஒரு தோட்டா மட்டும் இட்டுச் சுடும் வேட்டைத் துப்பாக்கி ஒன்றை அவர் வடிவமைத்தார். 1879ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அவ்வாண்டிலேயே ரேச்சல் தெரசா சைல்டு என்பாரை மணந்தார். அவ்வாண்டிலேயே தந்தையாரையும் இழந்தார். உடன்பிறந்தார் துணையோடு சிறு தொழிற்கூடம் அமைத்து அத்துப்பாக்கியைச் செய்து விற்றார். சில நூறு துப்பாக்கிகளே செய்யப்பட்டிருந்த நிலையில், அவற்றுள் ஒன்று வின்செஸ்டர் நிறுவனத்தாரின் பார்வைக்கு எட்டியது. நாட்டின் கீழ்க்கரையில் பேரும் பொருளும் பெற்று விளங்கிய அந்நிறுவனத்தின் தலைவர்களுள் ஒருவராகிய பென்னட், 1883இல் ஓக்டனுக்கே வந்து 8,000 டாலருக்கு அவ்வுரிமையை வாங்கினார். பின்வந்த 20 ஆண்டுகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட வடிவங்களை வின்செஸ்டர் அவரிடம் வாங்கியது. அவற்றுள் பலவற்றை அது செய்யவே இல்லை. பிறர் கைக்கு அவை போய்விடக்கூடாது என்பதற்காகவே வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்தது.

புல்லசைவில் கண்ட நுட்பம்

1887 முதல் இரண்டாண்டுகள் சமயப் பணிக்காக ஜார்ஜியாவில் தங்கிய பிரௌனிங், 1889இல் ஊர் திரும்பினார். அவ்வாண்டில் துப்பாக்கி சுடும் களம் ஒன்றில், குழல்வாயிலிருந்து வெளிப்பட்ட காற்றின் வேகத்தால் எதிரிலிருந்த புற்கள் சாய்வதைக் கண்டார். முன்பு எத்தனையோ பேர் கண்ட காட்சிதான் அது. ஆயின் வீணாகும் அவ்வாற்றலை வேலை வாங்கினால் என்ன என்று எண்ணியவர் அவர். வெடிமருந்தின் ஆவியே வெற்றுத் தோட்டாவை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றி, விசையையும் ஆயத்தம் செய்யுமாறு ஒரு பொறியை அமைத்தார். அதன் வழிவந்த எந்திரத் துப்பாக்கியைக் கோல்ட் நிறுவனம் 1895ஆம் ஆண்டின் பெயரால் செய்து விற்றது. பெரிய துப்பாக்கியில் வெற்றி கண்ட பிரௌனிங், தானே இயங்கும் இம்முறையை உள்ளங்கையில் அடங்கும் கைத்துப்பாக்கிக்கும் கொண்டுவர முனைந்தார். அம்முயற்சியே அவரைப் பெல்ஜியத்தோடு பிணைத்தது.

லியேஜ் நகரும் சுழல் துப்பாக்கியும்

பெல்ஜியத்தின் கிழக்குப் பகுதியில் மியூஸ் ஆற்றங்கரையில் அமைந்த லியேஜ், பல நூற்றாண்டுகளாகத் துப்பாக்கித் தொழிலுக்குப் பெயர்பெற்ற நகரம். ஆறும் நிலக்கரியும் இரும்பும் அருகருகே வாய்த்தமை அதன் பேறு. அந்நகரை ஆண்ட இளவரசப் பேராயர் மாக்சிமிலியன் ஹென்றி, 1672இல் துப்பாக்கிக் குழல்களைச் சோதித்து முத்திரையிடும் முறையை ஆணையால் ஏற்படுத்தினார். குழலில் மிகுதியான மருந்தை இட்டு வெடித்துப் பார்ப்பர். வெடிப்புக் காணாத குழலுக்கே முத்திரை. முட்டை வடிவக் கோட்டினுள் பொறித்த இ.எல்.ஜி. என்னும் மூன்றெழுத்து முத்திரையைக் கண்டே பழைய லியேஜ் துப்பாக்கியை இன்றும் அடையாளம் காண்கின்றனர்.

அந்நகரத்துத் தொழில் ஒரு கூரையின்கீழ் நடந்ததன்று. குழல் அடிப்பவர் ஒருவர். அறை துளைப்பவர் ஒருவர். விசை இழைப்பவர் ஒருவர். மரப்பிடி செதுக்குபவர் ஒருவர். பூவேலை பொறிப்பவர் ஒருவர். நகரிலும் சுற்றுச் சிற்றூர்களிலும் தத்தம் வீட்டுப் பட்டறையில் அமர்ந்து, துண்டுக்கு இவ்வளவு கூலி என்று வேலை செய்தனர். பகுதிகளைத் திரட்டிப் பூட்டித் தம் பெயரிட்டு விற்றவரே முதலாளியார். ஆதலின் பழைய பெல்ஜியத் துப்பாக்கியில் காணும் பெயர் பெரும்பாலும் விற்றவரின் பெயர். செய்த கைகளின் பெயர் அதில் இல்லை. ஔவையார் பாட்டின் கொல்லனைப் போலவே அவர்களும் மறைந்து போயினர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நகரின் சிறப்பு விளைபொருளாக விளங்கியது ரிவால்வர் எனப்படும் சுழல் துப்பாக்கி. அதன் வரலாறு படிப்படியாக வளர்ந்தது. மரியேட் என்பாரின் 1837ஆம் ஆண்டுக் காப்புரிமையின்படி அமைந்த துப்பாக்கியில் பல குழல்கள் ஒரு கொத்தாகச் சேர்ந்திருக்கும். வளையம் போன்ற விசையை இழுக்குந்தோறும் கொத்து திரும்பி, அடுத்த குழல் வெடிக்கும். குழல்கள் பலவாதலின் எடை மிகுதி. பின்னர்க் குழல் ஒன்றாகவும், அதன் பின்னே ஐந்தாறு அறைகளைக் கொண்ட உருளை ஒன்றாகவும் அமைந்தன. குழல் நிற்க, உருளை மட்டும் சுழலும். அமெரிக்கராகிய கோல்ட்டின் இவ்வமைப்பை லியேஜ் கம்மியர் சிலர் உரிமம் பெற்றும், பலர் பெறாமலும் செய்தனர். பிரெஞ்சுக்காரராகிய லெஃபோஷேயின் முறையில், தோட்டாவின் பக்கத்தில் சிறு ஊசி ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சுத்தியல் அவ்வூசியை அடித்தால் உள்ளிருக்கும் மருந்து பற்றும். இவ்வகையை லியேஜ் நகரம் பெருந்தொகையாகச் செய்து பல நாடுகளுக்கும் அனுப்பிற்று.

சுழல் துப்பாக்கிக்குப் பிறவிக் குறை ஒன்று உண்டு. உருளை சுழலவேண்டுமாயின் அதற்கும் குழலுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி வேண்டும். சுடும்போது அவ்விடைவெளி வழியே வெடியாவி கசியும். லியேஜின் நாகான் உடன்பிறந்தார் செய்த துப்பாக்கி இக்குறையைத் தீர்த்தது. சுத்தியல் பின்னோக்கி எழும்போது உருளை முன்னே நகர்ந்து குழலோடு பொருந்தும்; நீண்ட தோட்டாக் கூட்டின் வாய் குழலினுள் நுழைந்து இடைவெளியை அடைக்கும். ஏழு அறைகள் கொண்ட இத்துப்பாக்கியை உருசியப் பேரரசு 1895ஆம் ஆண்டு ஏற்று, பின்னர்த் தன் தூலா நகர ஆலையிலேயே செய்துகொண்டது. சுழல் துப்பாக்கிக் கலையின் நுட்பங்களுள் இஃது ஒன்று. ஆயினும் அது நிறைவு எய்திய அக்காலத்திலேயே அதனை விஞ்சும் பொருள் ஓக்டன் பட்டறையில் உருவாகிக்கொண்டிருந்தது.

எர்ஸ்டாலில் தொடங்கிய உறவு

பெல்ஜிய அரசுக்கு 1,50,000 மௌசர் துப்பாக்கிகளைச் செய்து கொடுப்பதற்காக, லியேஜின் துப்பாக்கித் தொழிலதிபர் பலர் ஒன்றுகூடி 1889இல் அருகிலுள்ள எர்ஸ்டாலில் ஒரு பேராலையை நிறுவினர். எஃப்.என். என்று சுருக்கமாக அழைக்கப்பெறும் தேசிய ஆலை அதுவே. வீட்டுப் பட்டறைகளின் நகரில் எந்திரங்களால் ஒரேயளவில் பகுதிகளைச் செய்யும் ஆலை எழுந்தது. அரசின் தேவை முடிந்ததும் ஆலைக்கு வேலை குறைந்தது. மிதிவண்டி செய்யலாமா என்றுகூட ஆராய்ந்தனர். அதன்பொருட்டு 1897இல் அமெரிக்கா சென்ற ஆலையின் அலுவலர் ஹார்ட் பெர்க், பிரௌனிங்கைச் சந்தித்தார். மிதிவண்டி நுட்பம் தேடிச் சென்றவர், கைத்துப்பாக்கியின் மாதிரி ஒன்றோடு திரும்பினார். அவ்வாண்டு சூலை 17ஆம் நாள் ஒப்பந்தம் எழுந்தது.

அத்துப்பாக்கியில் சுழலும் உருளை இல்லை. தோட்டாக்கள் ஏழு கைப்பிடியினுள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பெற்றிருந்தன. சுட்ட அதிர்ச்சியால் மேற்கூடு பின்னே சறுக்கி வெற்றுக் கூட்டை எறிந்துவிட்டு, முன்னே திரும்பும்போது அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும். தட்டையானது, சட்டைப்பைக்கு ஏற்றது. பெல்ஜியப் படை 1900இல் இதனை ஏற்றது. அதுவரை அதிகாரிகள் இடுப்பில் தொங்கியது நாகானின் சுழல் துப்பாக்கி. பின்வந்த ஆண்டுகளில் இவ்வகை பெருகப் பெருக, பிரெஞ்சு மொழியில் கைத்துப்பாக்கியைக் குறிக்கும் பொதுச்சொல்லாகவே பிரௌனிங் என்பது வழங்கலாயிற்று.

1902இல் வின்செஸ்டரோடு அவருக்கிருந்த உறவு முறிந்தது. தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் வேட்டைத் துப்பாக்கி ஒன்றை அவர் வடித்திருந்தார். மொத்த விலை வேண்டா, விற்கும் ஒவ்வொன்றுக்கும் உரிமத்தொகை வேண்டும் என்றார், பென்னட் மறுத்தார். பெட்டியில் பூட்டப்படுவதற்காகத் தம் உழைப்பை விற்க அவர் இனி விரும்பவில்லை போலும். அடுத்து ரெமிங்டன் நிறுவனத்தை நாடினார். சந்திப்புக்கு அவர் காத்திருந்த வேளையிலேயே, அந்நிறுவனத் தலைவர் மார்செல்லஸ் ஹார்ட்லி மாரடைப்பால் காலமானார். பிரௌனிங் துப்பாக்கியோடு கப்பலேறி லியேஜ் சென்றார். எஃப்.என். ஆலையார் மகிழ்ந்து ஏற்றனர். அவர் 10,000 துப்பாக்கிகளுக்கு ஆணையும் கொடுத்தார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு அவ்வடிவம் செய்யப்பெற்று வந்தது.

அதன்பின் லியேஜ் அவருக்கு இரண்டாம் ஊராயிற்று. அட்லாண்டிக் கடலைப் பன்முறை கடந்தார். ஆலைத் தொழிலாளர் அவரை ஆசான் என்று அழைத்தனர். அப்பெயர் பொருத்தமானதே. வரைபடம் தீட்டி, பிறரை ஏவி ஒதுங்கி நிற்பவர் அல்லர் அவர். உள்ளத்தில் எழுந்த வடிவத்தைத் தம் கையாலேயே உலோகத்தில் அராவிப் பொருத்திக் காண்பவர். கைத்தொழில் மரபில் வந்த லியேஜ் கம்மியர் தம்முள் ஒருவராக அவரை உணர்ந்தமைக்குக் காரணம் இதுவே. ஆயினும் அவர் கொண்டுவந்த வடிவங்களே வீட்டுப் பட்டறைத் தொழிலின் சரிவை விரைவுபடுத்தின என்பதையும் மறைத்தற்கில்லை. நுண்ணளவு எந்திரங்களைக் கொண்ட பேராலைக்கே அவை ஏற்றவை. தனித்த கொல்லனின் அரத்துக்கு அவை எட்டவில்லை.

1911 மார்ச்சில், கோல்ட் நிறுவனத்துக்காக அவர் வடித்த பெரிய கைத்துப்பாக்கி 6,000 முறை சுடப்பட்டும் ஒருமுறையேனும் தடைப்படவில்லை. அமெரிக்கப் படை அதனை அம்மாதமே ஏற்றது. பெல்ஜிய ஆலை பத்து இலட்சம் பிரௌனிங் கைத்துப்பாக்கிகளைச் செய்து முடித்ததை 1914இல் விழாவெடுத்துக் கொண்டாடியது. மன்னர் ஆல்பர்ட் அவருக்கு லியோபோல்டு விருது வழங்கிப் பெருமைப்படுத்தினார். ஓக்டன் பட்டறைச் சிறுவன் எய்திய உச்சம் அது.

சரயேவோவில் ஒரு குண்டு

அவ்வாண்டு சூன் 28ஆம் நாள், போஸ்னியாவின் தலைநகராகிய சரயேவோவில், ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டும் அவர்தம் மனைவியார் சோபியாவும் சுட்டுக் கொல்லப்பட்டனர். சுட்டவன் காவ்ரிலோ பிரின்சிப் என்னும் 19 வயது இளைஞன். அவன் கையிலிருந்தது எர்ஸ்டால் ஆலையில் செய்யப்பெற்ற 1910ஆம் ஆண்டு வடிவப் பிரௌனிங். அத்துப்பாக்கி இன்று வியன்னாவின் படைத்துறை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது.

அக்கொலையை வாயிலாகக் கொண்டு மூண்ட போர், ஏறத்தாழ ஒரு கோடிப் போர்வீரரை விழுங்கிற்று. முதல் அடி விழுந்த இடங்களுள் ஒன்று லியேஜ் நகரமே என்பது வரலாற்றின் கொடுமை. 1914 ஆகஸ்டுத் திங்கள் செருமானியப் படை அதன் கோட்டைகளைப் பீரங்கிகளால் தகர்த்தது. பிரௌனிங்கை ஆசான் என்றழைத்த தொழிலாளரின் ஊர் அயலார் ஆட்சியின்கீழ்ப் போயிற்று. ஒரு குண்டு போரைத் தோற்றுவித்தது என்று சொல்வது மிகை. பேரரசுகளின் பகைமை நெடுநாள் புகைந்துகொண்டிருந்தது. எனினும், அப்புகையில் நெருப்பு மூட்டிய பொறி தம் பட்டறையில் கருவுற்றது என்பதை நினைக்கும் எந்தக் கம்மியனின் நெஞ்சும் நடுங்காதிராது.

1917இல் அமெரிக்காவும் போரில் இறங்கியது. பிரௌனிங் ஆக்கிய எந்திரத் துப்பாக்கி அவ்வாண்டு நடந்த சோதனையில் 20,000 முறை சுட்டது. தொடர்ந்து மேலும் 20,000 முறை சுட்டது. தம் ஆக்கங்களுக்கான உரிமையை அரசுக்கு 7,50,000 டாலருக்கு அளித்தார். தனித்தனி உரிமத்தொகை கேட்டிருந்தால் அதனினும் பன்மடங்கு பெற்றிருக்கலாம். போர்க்காலத்தில் நாட்டிடம் பேரம் பேச அவர் விரும்பவில்லை. மற்றொன்றும் கருதத்தக்கது. அவர் மகன் வால் பிரௌனிங் படை அதிகாரியாகப் பிரான்சு சென்றார்; தந்தை வடித்த துப்பாக்கியை மகனே போர்முனையில் ஏந்தினார். பிறர் பிள்ளைகளை மட்டும் களத்துக்கு அனுப்பி, அவர்தம் கையில் தம் கருவியைத் திணித்துப் பொருளீட்டியவர் என்ற பழி அவரைச் சாராது.

பணியிடையே முடிந்த வாழ்வு

போர் ஓய்ந்தபின் அவர் மீண்டும் லியேஜ் வந்தார். இளமை முதல் உடனுழைத்த தம்பி மாத்தியூ 1923இல் மறைந்தார். முதுமையிலும் அரத்தைக் கீழே வைக்கவில்லை அவர். குழல்கள் மேலும் கீழுமாக அமைந்த வேட்டைத் துப்பாக்கி ஒன்றில் ஈடுபட்டிருந்தார். 1926ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள், எர்ஸ்டால் ஆலையில் மகன் வாலின் அலுவலறையில் நெஞ்சு நோயால் உயிர் நீத்தார். அகவை 71. காப்புரிமைகள் 128. உடல் கடல்கடந்து சென்று ஓக்டன் மண்ணில் அடக்கம் செய்யப்பெற்றது. எஞ்சிய வேட்டைத் துப்பாக்கிப் பணியை மகன் முடித்தார்.

அவர் தொடங்கிவைத்த மற்றொரு கைத்துப்பாக்கியை எர்ஸ்டாலின் தியூதொனே சைவ் என்னும் பெல்ஜிய வல்லுநர் வளர்த்து நிறைவாக்கினார். 1935இல் அது வெளிவந்தது. இரண்டாம் உலகப்போரில் செருமானியர் எர்ஸ்டாலைக் கைப்பற்றி அத்துப்பாக்கியைத் தமக்குச் செய்துகொண்டனர். அவரை எதிர்த்தோருக்காகக் கனடாவிலும் அதே துப்பாக்கி செய்யப்பட்டது. எதிரெதிர் நின்ற இருவர் கையிலும் ஒரே கம்மியரின் கைவண்ணம்! நம் நாட்டிலும் இச்சாப்பூர் ஆலையில் அதன் வழிவந்த வடிவம் செய்யப்பட்டது. பழைய லியேஜின் சுழல் துப்பாக்கிகளோ காட்சிப் பொருள்களாயின. அந்நகரின் கூர்சியசு அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பேழையினுள் அவை அமைதியாக உறங்குகின்றன. பெயரறியாக் கம்மியர் பொறித்த பூவேலை மட்டும் காண்பாரை வியக்க வைக்கின்றது.

நாம் கொள்ளத்தக்கது

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். வள்ளுவர் படைமாட்சிக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். கொல்லாமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். ஒன்றை அரசியலோடு சார்ந்த பொருட்பாலிலும், மற்றொன்றைத் துறவறவியலிலும் வைத்தார். இரும்பின் பெயரால் ஓர் அத்தியாயமே திருக்குர்ஆனில் அமைந்துள்ளது. காவலுக்குக் கருவி வேண்டும் என்பதையும், உயிர் புனிதமானது என்பதையும் அறநூல்கள் ஒருசேர ஏற்கின்றன. இவ்விரண்டின் நடுவே நிற்பவன்தான் கம்மியன்.

பிரௌனிங் உழைப்பாளி; நேர்மையாளர்; தம் பொருளில் குறை இருத்தலைப் பொறாதவர். ஆனால் குறையற்ற கருவி குறையுள்ள மனிதன் கைக்கும் செல்கின்றது. லியேஜ் நகரின் சோதனைக்கூடம் குழலின் வலிமையைச் சோதித்து முத்திரையிட்டது. அதனை ஏந்தும் கையைச் சோதிக்க எந்தக் கூடமும் இல்லை. அச்சோதனையைச் செய்ய வேண்டியது சட்டமும் சமுதாயமும் அவற்றுக்கு மேலாகத் தனிமனிதனின் உள்ளமுமேயாகும். ஆயினும் ஆக்கியவன் முற்றும் விலகிக்கொள்ள இயலாது. அறிவு இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அமானிதத்தைக் காப்பவன், பொருளைத் திறம்படச் செய்தேன் என்பதோடு அமையாமல், யாருக்காகச் செய்கின்றேன், எதற்காகச் செய்கின்றேன் என்பதையும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டவன்.

இன்று ஆய்வுக்கூடங்களிலும் கணிப்பொறிகளின் முன்னும் அமர்ந்து பயிலும் நம் மாணவமணிகள் நாளைய கம்மியர்கள். அவர்கள் வடிக்கப்போகும் கருவிகள் பிரௌனிங்கின் துப்பாக்கியினும் ஆற்றல் மிக்கவையாக இருக்கக்கூடும். பிரௌனிங்கிடமிருந்து அவர்கள் கற்க வேண்டியது சலியாத உழைப்பு. பிறர் கண்டும் காணாத புல்லசைவில் புதுமை காணும் கண். நாட்டின் இடுக்கணில் பொருளாசையை அடக்கும் பண்பு. சரயேவோவிடமிருந்து கற்க வேண்டியது, செய்த பொருள் செய்தவனின் கையைவிட்டு நெடுந்தொலைவு சென்றுவிடும் என்னும் அச்சம். அவ்வச்சம் அறிவுக்கு வேலியாகும். திறமும் அவ்வச்சமும் ஒருங்கே வாய்க்கப்பெற்ற இளைஞர்களை உருவாக்குவதே கல்லூரிகளின் கடமை எனத் துணியலாம்.